ஒரு பெயரின் விலை

(திரைப்படச் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில், 'ரிஃபிஃபி' திரையிடலுக்குப் பிறகு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் படத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் இன்று திரையைவிட உங்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகைக்கடைக்கு மேல்வீட்டில் அந்த நான்கு திருடர்களும் தரையைப் பெயர்க்கத் தொடங்கியதும், பின்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது. நாற்காலிகளின் கிறீச்சொலியும் நின்றது. எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு இருமல் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருமினார். யாருக்குக் கேட்டுவிடும் என்று அவர் பயந்தார்? பாரீஸ் தெருவில் ரோந்து போகும் காவலருக்கா? எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு படம் இந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் திருட்டுக்குக் கூட்டாளிகளாக்கிவிட்டது. அரை மணி நேரம் அவர்களுக்காக நாமும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அது எப்படி நடந்தது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் படமாக்கிய விதத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். மீதிப் பாதி இதை எடுத்தவரின் வாழ்க்கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இது ஒரு நகைக்கடைக் கொள்ளையின் கதையாக மட்டும் நிற்காது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன ஆகிறது என்பதன் கதையாகத் தெரியும்.

தாமதமாக வந்த நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோனி என்கிற திருடன் ஐந்து ஆண்டு சிறையிருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறான். உடம்பு கெட்டுவிட்டது, இருமுகிறான், சீட்டாட்டத்தில் கையிலிருந்ததும் போய்விட்டது. அவன் சிறைக்குப் போனது ஜோ என்ற இளைஞனைக் காப்பாற்ற. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஜோவுக்கு இப்போது மனைவியும் ஒரு சின்னப் பையனும் இருக்கிறார்கள். பையனுக்கு ஞானத்தந்தை டோனிதான். ஜோவும் மரியோ என்ற இத்தாலியனும் ஒரு திட்டத்தோடு வருகிறார்கள். பாரீஸின் ரூ த லா பே தெருவில் உள்ள மாப்பின் அண்ட் வெப் நகைக்கடையின் கண்ணாடியை உடைத்து, கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடலாம் என்கிறார்கள். டோனி முதலில் மறுக்கிறான். பிறகு சம்மதிக்கிறான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கண்ணாடியில் இருப்பது வேண்டாம், பெட்டகத்தில் இருப்பதை எடுப்போம். பெட்டகம் திறக்க மிலானிலிருந்து சேசார் வருகிறான். கைத்தொழிலில் அவனை மிஞ்ச ஆளில்லை, பெண்கள் விஷயத்தில் மட்டும் பலவீனம். வேலை கச்சிதமாக முடிகிறது. 24 கோடி பிராங்க் மதிப்புள்ள நகைகள் கைக்கு வருகின்றன. அதன்பிறகு ஒரு மோதிரம் எல்லாவற்றையும் அழிக்கிறது.

இனி படத்தை எடுத்தவரிடம் வருவோம். ஜூல்ஸ் டாசின். பெயரைப் பார்த்து அவரைப் பிரெஞ்சுக்காரர் என்று நினைப்பவர்கள் அதிகம். அவர் அமெரிக்கர். 1911-இல் கனெக்டிகட் மாநிலத்தில், ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய ஒரு யூத முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தார். 1930-களின் வறுமைக் காலத்தில் பல இளைஞர்களைப் போலக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1939-இல் ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்துகொண்டதும் விலகிவிட்டார். பிறகு ஹாலிவுட்டில் 'ப்ரூட் ஃபோர்ஸ்', 'தி நேக்கட் சிட்டி', 'தீவ்ஸ் ஹைவே' என்று வரிசையாக நல்ல குற்றப் படங்களை எடுத்தார். 'தி நேக்கட் சிட்டி' 1948-இல் வந்தது. நியூயார்க் தெருக்களிலேயே, ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே எடுத்த படம் அது. தெருவையே கதாபாத்திரமாக்கும் கலையை அங்கேதான் கற்றார்.

அமெரிக்காவில் அப்போது விசாரணைக் காலம். நாடாளுமன்றக் குழு ஒன்று திரைத்துறையினரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்குத் தெரிந்த கம்யூனிஸ்டுகளின் பெயர்களைச் சொல் என்று கேட்டது. அங்கே கேட்கப்பட்டது பெயர்கள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்குப் பல பெயர்கள் முன்பே தெரியும். தெரிந்த பெயரை நண்பனின் வாயிலிருந்து வரவழைப்பதுதான் அந்தச் சடங்கு. சொன்னவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். சொல்லப்பட்டவனுக்கு இருந்த வேலையும் போகும்.

ஆபத்து நெருங்கியபோது, ஸ்டுடியோ தலைவர் டாரில் சானக் டாசினை லண்டனுக்கு அனுப்பினார். இது உனக்குக் கடைசிப் படமாக இருக்கலாம், செலவு அதிகமான காட்சிகளை முதலில் எடுத்துவிடு, அப்போதுதான் உன்னை நிறுத்த அவர்களுக்கு மனம் வராது என்று சொல்லி அனுப்பினாராம். டாசின் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். அப்படி எடுத்த 'நைட் அண்ட் தி சிட்டி' 1950-இல் வந்தது. 1951 ஏப்ரலில் எட்வர்ட் டிமிட்ரிக் அந்தக் குழு முன் உட்கார்ந்தார். அவரும் இயக்குநர். குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன பத்துப் பேரில் ஒருவர். சிறையிலிருந்து வந்தபின் மனம் மாறி இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று ஜூல்ஸ் டாசின்.

டாசின் ஐரோப்பாவுக்கு வந்தார். பிரான்சில் நகைச்சுவை நடிகர் ஃபெர்னாந்தெலை வைத்து ஒரு படம் கிடைத்தது. படப்பிடிப்பு தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது அமெரிக்காவிலிருந்து மிரட்டல் வந்தது: இவரை வைத்து எடுத்தால் உங்கள் படம் அமெரிக்காவில் ஓடாது. வேலை போனது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அவர் கையில் படமில்லை. மனைவி, குழந்தைகள், அயல்நாடு, சரியாகப் பேச வராத மொழி. டோனியும் ஐந்து ஆண்டு வெளியுலகம் பார்க்காதவன் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு கணக்கும் ஒத்துவருவது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் படத்தின் முதல் காட்சியில், சீட்டாட்ட மேசையில், காசு தீர்ந்துபோன கையோடு உட்கார்ந்திருக்கும் டோனியின் முகத்தைப் பாருங்கள். காத்திருந்து அலுத்த ஒருவனின் முகம் அது. அதை எடுத்தவருக்கு அந்த அலுப்பு எப்படி இருக்கும் என்று தெரியும்.

அந்த நேரத்தில் ஆன்றி பெரார் என்ற தயாரிப்பாளர் அழைத்தார். 'தி நேக்கட் சிட்டி' பிரான்சில் நன்றாக ஓடியிருந்தது. ஓகுஸ்ட் லெ ப்ரெட்டோன் எழுதி 1953-இல் காலிமார் பதிப்பகத்தின் புகழ்பெற்ற குற்றக்கதை வரிசையான 'செரி நுவார்'-இல் வந்த நாவலைப் படமாக்க வேண்டும் என்றார். நாவலின் பெயர் 'டு ரிஃபிஃபி ஷே லெ ஸோம்'. ரிஃபிஃபி என்பது பாரீஸ் நிழலுலகின் கொச்சைச் சொல். அடிதடி, வம்பு, ரகளை என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கே புரியாத சொல் என்பதால்தான் இரவு விடுதியில் மகாலி நோயெல் பாடும் பாட்டைச் சேர்த்து அதன் பொருளை விளக்கினார்கள்.

டாசினால் அந்த நாவலைப் படிக்கவே முடியவில்லை, அவ்வளவு கொச்சை மொழி. வேறொருவர் உதவியோடு விளங்கிக்கொண்டபின் அருவருத்தார். கொடூரங்கள் இருந்தன. அதைவிட, வில்லன்கள் எல்லோரும் வட ஆப்பிரிக்கர்களாகவும் அரபிகளாகவும் இருந்தார்கள். அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடிக்கவிருந்த நேரம் அது. இனவெறிக்குத் தீனி போடும் படத்தை எடுக்க அவருக்கு மனமில்லை. ஆனால் வீட்டில் பணமில்லை, ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின் அவர் செய்ததுதான் பாடம். எதிரிகளைப் பிரெஞ்சுக்காரர்களாகவே மாற்றினார். வேண்டாதவற்றை வெட்டினார். நாவலில் சில பக்கங்களில் முடிந்துபோகிற திருட்டை எடுத்து, படத்தின் நான்கில் ஒரு பங்காக விரித்தார். ரெனே வீலரோடு உட்கார்ந்து ஆறே நாளில் திரைக்கதையை முடித்தார்.

நாவலாசிரியர் கோபத்தோடு வந்து, என் புத்தகம் எங்கே என்று கேட்டாராம். கேட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாராம். டாசினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு இருவரும் நண்பர்களானார்கள். பிரான்சுவா த்ரூஃபோ அப்போது இளம் விமர்சகர். தான் படித்ததிலேயே மிக மோசமான குற்ற நாவலிலிருந்து, தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த குற்றப் படத்தை டாசின் எடுத்துவிட்டார் என்ற பொருளில் அவர் எழுதினார்.

பணம் குறைவு. சுமார் 2 லட்சம் டாலருக்குள் படம் முடிந்தது. பெரிய நட்சத்திரம் கிடைக்கவில்லை. டோனியாக நடித்த ழான் செர்வே ஒரு காலத்தில் நல்ல வாய்ப்புகளோடு இருந்தவர், குடியால் சரிந்துபோயிருந்தார். அந்தச் சரிவு முகத்தில் இருந்தது, அதுவே பாத்திரத்துக்குப் பொருந்தியது. கலை இயக்குநர் அலெக்ஸாந்தர் ட்ரௌனர் பெரும்புகழ் பெற்றவர், நட்புக்காகக் குறைந்த சம்பளத்துக்கு வந்தார். ஒளிப்பதிவாளர் ஃபிலிப் அகோஸ்தினியோடு டாசின் ஒரு முடிவு எடுத்தார்: வெளிப்புறக் காட்சிகளை வெயிலில் எடுப்பதில்லை. மேகம் மூடிய நாளுக்காகக் காத்திருப்பார்கள். தயாரிப்பாளர் தவித்துப்போவார். ஆனால் அந்தப் பிடிவாதத்தால்தான் நாம் பார்த்த பாரீஸ் அப்படி இருக்கிறது. ஈரத் தெரு, சாம்பல் வானம், இலையுதிர்ந்த மரங்கள். அஞ்சல் அட்டையில் வருகிற பாரீஸ் இந்தப் படத்தில் எங்குமே இல்லை.

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருவோம்.

நண்பர்களே, அந்தக் காட்சியில் வசனம் இல்லை, இசையும் இல்லை. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஏன் இல்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கடையில் இருக்கும் அபாய மணி அதிர்வுக்கு ஒலிப்பது. அதற்குக் காது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடர்கள் அதே வகை மணி ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். எவ்வளவு சத்தத்துக்கு அலறுகிறது என்று பார்க்கிறார்கள். அதை எப்படி ஊமையாக்கலாம் என்று ஒவ்வொன்றாக முயன்று, கடைசியில் தீயணைப்புக் கருவியின் நுரையைப் பீய்ச்சினால் அடங்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். இதையெல்லாம் நமக்கு முன்பே காட்டிவிடுகிறார் டாசின். ஆகவே திருட்டு தொடங்கும்போது, சத்தம்தான் எதிரி என்று நமக்குத் தெரியும். மௌனம் இயக்குநர் மேலே பூசிய அலங்காரமாக இல்லை, அந்த வேலைக்கு அது தேவை. வடிவம் கதையிலிருந்து முளைத்தால்தான் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பிறகு வேலை. மேல்வீட்டில் இருப்பவர்களைக் கட்டிப்போடுகிறார்கள். சேசார் மெல்லிய நடனக் காலணிகளை மாட்டிக்கொள்கிறான். உளியின் தலையில் துணி சுற்றித் தரையைக் கொத்துகிறார்கள். முதலில் விரல் நுழைகிற ஓட்டை. அதன் வழியே ஒரு குடையை மடக்கியபடி கீழே விட்டு, உள்ளே விரிக்கிறார்கள். அதன்பிறகு பெயர்கிற காரை எல்லாம் குடைக்குள் விழுகிறது. தரையில் ஒரு துண்டு விழுந்தாலும் மணி அலறிவிடும். மழைக்காக நாம் தலைக்குமேல் பிடிக்கிற பொருள் அங்கே தலைகீழாகத் தொங்கி மழையைப் போல விழும் காரையை ஏந்துகிறது. இந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் அந்தக் குடை மறக்காது. விலையுயர்ந்த கருவி எதுவும் செய்யாத மாயத்தை எந்த வீட்டிலும் இருக்கிற குடை செய்கிறது.

ஓட்டை பெரிதாகிறது. கயிற்றில் இறங்குகிறார்கள். நுரையால் மணியை அடைக்கிறார்கள். பெட்டகத்தின் பின்பக்கத்தைத் துளைக்கத் தொடங்குகிறார்கள். கடிகாரம் ஓடுகிறது, விடியல் நெருங்குகிறது. டாசின் நமக்குக் காட்டுவது கைகள், நெற்றி வியர்வை, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கும் பார்வை. ஒருவன் கையை நீட்டுகிறான், கேட்காமலே மற்றவன் வேண்டிய கருவியை வைக்கிறான். தச்சுப் பட்டறையிலோ அறுவை அரங்கிலோ நல்ல கூட்டாளிகள் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருவரை ஒருவர் முழுமையாக நம்புகிறவர்களுக்குப் பேச்சு தேவைப்படாது. திருட்டு தவறு என்று நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் நாம் அவர்கள் பக்கம் நிற்கிறோம். காரணம் நகையில்லை. நான்கு பேருக்கு நடுவே இருக்கும் அந்த நம்பிக்கை.

இசை பற்றி ஒரு செய்தி. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் சாதாரணமானவர் அல்லர். கொக்தோவின் படங்களுக்கு இசை தந்தவர், 'ரோமன் ஹாலிடே'க்கு இசை தந்தவர். இந்தக் காட்சிக்கு இசை வேண்டாம் என்று டாசின் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. உங்களைக் காப்பாற்ற நான் எழுதித்தான் தீருவேன் என்று பெரிய இசைக்கோவை ஒன்றை எழுதிவந்தார். டாசின் அவருக்கு அந்தக் காட்சியை இரண்டு முறை போட்டுக்காட்டினார், ஒருமுறை இசையோடு, ஒருமுறை இல்லாமல். பார்த்துவிட்டு ஓரிக்கே இசையை எடுத்துவிடச் சொன்னார். தன் உழைப்பைத் தானே தூக்கிப்போட ஒரு கலைஞனுக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! அந்த மௌனத்துக்காக டாசினுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோமோ அவ்வளவு ஓரிக்குக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

திருட்டு முடிந்தது. அதுவரை பேச்சே இல்லாத இடத்தில் இனி பேச்சு நுழைகிறது, மரணமும் கூடவே நுழைகிறது. சேசார் யாருக்கும் தெரியாமல் ஒரு மோதிரத்தை எடுத்துவைத்து, விடுதிப் பாடகி விவியானுக்குக் கொடுக்கிறான். விடுதி முதலாளி குருட்டர் அதைப் பார்த்துவிடுகிறான். சேசாரைப் பிடித்துக் கேட்கிறான். சேசார் ஒரு பெயரைச் சொல்கிறான்: மரியோ.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள் நம் ஊரில். இங்கே வாய் திறந்தவன் ஒருவன், கெட்டது எல்லோரும். குருட்டரின் ஆட்கள் மரியோ வீட்டுக்குப் போகிறார்கள். மரியோ வாய் திறக்கவில்லை. அவன் துணைவி இடாவிடம் தொலைபேசியைக் கொடுத்து, டோனியை வரச்சொல் என்கிறார்கள். கத்தி பக்கத்தில் இருக்கிறது. அவள் தொலைபேசியில் டோனியை எச்சரித்துக் கத்துகிறாள். இருவரும் கொல்லப்படுகிறார்கள். ஆண்களின் வீரத்தைப் பற்றிப் பேசும் இந்தப் படத்தில், யாரையும் காட்டிக்கொடுக்காமல் பேசத் தெரிந்தவள் இடா ஒருத்திதான். திரையில் அவள் வருவது கொஞ்ச நேரம். என் கணக்கில் இந்தப் படத்தின் மிகப் பெரிய வீரர் அவள்.

பிறகு டோனி சேசாரைக் கண்டுபிடிக்கிறான். விடுதியின் பின்புறம், மேடைச் சாமான்களுக்கு நடுவே சேசார் கட்டப்பட்டிருக்கிறான். அவன் மறைக்கவில்லை. பயந்துவிட்டேன், சொல்லிவிட்டேன் என்கிறான். மன்னிப்பு கேட்கிறான். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் விதி உனக்கே தெரியும் என்று டோனி சொல்கிறான். சேசாருக்குத் தெரியும். டோனி சுடுகிறான்.

இப்போது சொல்கிறேன், சேசாராக நடித்தது யார் தெரியுமா? பெயர் வரிசையில் 'பெர்லோ வீட்டா' என்று இருக்கும். அப்படி ஒரு நடிகர் கிடையாது. அது ஜூல்ஸ் டாசின். நடிக்க வேண்டிய இத்தாலிய நடிகரின் ஒப்பந்தம் சரியாகாததால் தானே அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டார். இயக்குநராக அவர் பெயர் முகப்பில் இருக்கிறது, காட்டிக்கொடுப்பவனாக நடித்தவரின் பெயர் மட்டும் பொய்ப் பெயர். அந்தக் காட்சியை எடுத்தபோது, விசாரணைக் காலத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்த நண்பர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார்.

அதை யோசித்துப் பாருங்கள். காட்டிக்கொடுக்கப்பட்டவர், காட்டிக்கொடுத்தவனின் உடம்புக்குள் போய் நிற்கிறார். தன்னை நோக்கித் தானே துப்பாக்கியை நீட்டச் சொல்கிறார். பழிதீர்க்க நினைத்திருந்தால் சேசாரைக் கேவலமான பிறவியாகக் காட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சேசார் கலகலப்பானவன், தொழிலில் நேர்த்தியானவன், நண்பர்கள் மேல் பாசம் உள்ளவன். அச்சத்தில் ஒருமுறை வாய் திறந்தவன், அவ்வளவுதான். அவன் நல்லவன் என்பதை டாசின் நமக்கு மறக்கவிடவில்லை, அவன் செய்தது மன்னிக்க முடியாதது என்பதையும் மறக்கவிடவில்லை. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்தார். நம் தமிழில் காட்டிக்கொடுத்தல் என்கிறோம். ஒருவரைக் காட்டி, பிறகு கொடுத்துவிடுவது. விரல் நீட்டுவதும் கைவிடுவதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. சேசாரின் முகத்தில் நாம் பார்ப்பது அதுதான்.

இந்தப் படத்தைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. தொடக்கத்தில் டோனி தன் பழைய காதலி மாடோவை வரவழைத்து, ஆடையைக் களையச் சொல்லி, இடுப்பு வாரால் அடிக்கிறான். அடி திரைக்கு வெளியே விழுகிறது, சத்தம் நமக்குக் கேட்கிறது. அந்தக் காட்சியைப் பார்த்து இங்கிருந்த பெண்கள் முகம் சுளித்ததைக் கவனித்தேன். சுளிக்கத்தான் வேண்டும். நண்பனுக்காகச் சிறை போகிற அளவுக்கு விசுவாசம் உள்ளவனுக்குள் இந்தக் கொடுமையும் இருக்கிறது. அந்த உலகத்தின் விதிகள் ஆண்கள் ஆண்களுக்காக எழுதியவை. பின்னால் குருட்டரின் ஆட்கள் ஜோவின் பையனைக் கடத்தும்போது, அவனைத் தேடி டோனிக்கு வழிகாட்டுவது அதே மாடோதான். அவளுக்குப் படம் ஒரு மன்னிப்பும் சொல்வதில்லை. அது படத்தின் குறை என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இன்னொரு பெண்ணுக்கு டாசின் படத்தின் மிக முக்கியமான பேச்சைக் கொடுத்திருக்கிறார். ஜோவின் மனைவி லூயிஸ். பையன் கடத்தப்பட்டபின் அவள் கணவனிடம் பேசுகிறாள். உன்னைப் போலவே வறுமையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்கள் ஏன் உன்னைப் போல ஆகவில்லை, உண்மையில் அவர்கள்தான் உரம் உள்ளவர்கள் என்ற பொருளில் பேசுகிறாள். குற்றப் படங்களில் தாதாக்களுக்குக் கைதட்டுகிற நாம் எல்லோரும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். மௌனத்தால் நம்மைத் திருடர்களின் பக்கம் இழுத்த அதே இயக்குநர், அவள் குரலால் நம்மை உலுக்கிவிடுகிறார்.

முடிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இப்போதுதான் பார்த்தீர்கள். டோனி பையனை மீட்கிறான். அதற்குள் ஜோ பொறுக்க முடியாமல் மீட்புப் பணத்தோடு கடத்தியவர்களிடம் போய் உயிரை விட்டிருக்கிறான். டோனிக்கும் குண்டு பாய்ந்துவிட்டது. திறந்த காரில் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாரீஸைக் கடந்து வீடு சேர்க்க ஓட்டுகிறான். பையனுக்கு நடப்பது புரியவில்லை. கௌபாய் உடையில், பொம்மைத் துப்பாக்கியை நீட்டி விளையாடுகிறான். மரக்கிளைகளும் வானமும் தலைக்குமேல் ஓடுகின்றன. ரத்தம் ஒழுக ஒழுக ஓட்டுகிறவன் பக்கத்தில் நாளைய துப்பாக்கி சிரித்துக்கொண்டிருக்கிறது. வீட்டு வாசலில் தாய் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள். காவலர்கள் பணப்பெட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடக்கும் டோனி யாருக்கும் வேண்டாதவனாகிறான்.

1955 கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்காக டாசினுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. கிரேக்க நடிகை மெலினா மெர்கூரியை அந்த விழாவில்தான் சந்தித்தார். பின்னால் இருவரும் மணந்துகொண்டார்கள். மெக்சிகோவில் இந்தப் படத்தைப் பார்த்து அதே முறையில் திருட்டுகள் நடந்ததாகச் சொல்லிப் படத்தைத் தடைசெய்தார்கள். திருடுவது எவ்வளவு கடினம் என்றுதான் என் படம் காட்டுகிறது என்பது டாசினின் பதில். 1958-இல் இத்தாலியில் மரியோ மொனிச்செல்லி இதைக் கேலிசெய்து ஓர் அருமையான நகைச்சுவைப் படம் எடுத்தார். 1970-இல் ழான் பியர் மெல்வில் 'லெ செர்க்ல் ரூஜ்' படத்தில் வசனமில்லாத ஒரு நீண்ட நகைக்கடைக் கொள்ளையை எடுத்தார். 1964-இல் டாசினே 'டாப்காபி'யில் கயிற்றில் தொங்கும் திருட்டு ஒன்றை எடுத்தார். 1996-இல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில் டாம் குரூஸ் கயிற்றில் தொங்கியபோது உலகமே வாய் பிளந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனை டாசினின் கையில் இருக்கிறது.

இங்கே படம் எடுக்கும் கனவோடு வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அரை மணி நேரத்தை வீட்டில் தனியாக மறுபடி பாருங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணுங்கள். பணமில்லை, நட்சத்திரமில்லை, சொந்த மொழியில்லை, பிடித்த கதையும் இல்லை. இத்தனை இல்லைகளுக்கு நடுவே ஒருவர் எதை வைத்து இதை எடுத்தார் என்று யோசியுங்கள். தனக்கு நடந்ததை வைத்து எடுத்தார். அதைத் தன் கதை என்று எங்குமே சொல்லிக்கொள்ளாமல், வேறு மனிதர்களின் கைகளிலும் முகங்களிலும் வைத்து எடுத்தார்.

கடைசியாக ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் இந்தப் படத்தை வெளியிடப் பேச்சு நடந்தபோது டாசினுக்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். கடந்த காலத்தில் ஏமாற்றப்பட்டுத் தவறான கூட்டத்தோடு சேர்ந்துவிட்டேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் அவர் பெயர் இருக்காது. ஐந்து ஆண்டு வேலையில்லாமல் இருந்தவர் அவர். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும், வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் மறுத்துவிட்டார். யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் இதற்காகவே வேறு பெயரில் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்திப் படத்தை வெளியிட்டது. 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில், அதேபோல ஒதுக்கப்பட்டிருந்த திரைக்கதாசிரியர் டால்டன் ட்ரம்போவின் பெயர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அமெரிக்கத் திரையரங்குகளின் வெள்ளைத் திரையில் அந்தப் பெயர் வந்தது: இயக்கம், ஜூல்ஸ் டாசின்.